முட்டி வீங்கிய ஆடும் முதல் சீம்பாலும்: பால் ஆடு வளர்க்க வருவோருக்கு

பால் ஆடு வாங்கப் போகிறேன், யோசனை சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், நான் கொட்டகையைப் பற்றியோ தீவனத்தைப் பற்றியோ முதலில் பேசுவதில்லை. "வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கா? காய்ச்சல் பார்க்கிறது இல்லை, பாலில் சூடு பார்க்கிறது" என்றுதான் கேட்பேன். கேட்டவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பார்த்தேன்.

நான் வாங்கிய முதல் சானன் (வெளிநாட்டுப் பால் இனம்) கலப்பு ஆட்டுக்கு வலது முன்னங்கால் முட்டி கொஞ்சம் உருண்டையாக இருந்தது. "பரண்ல படுத்து எழுந்து காய்ப்பு பிடிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்லை" என்றார் விற்றவர். அவர் பொய் சொன்னார் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. அந்த ஆடு நல்ல பால் கொடுத்தது. மிச்சமான பாலைத் தாய் இல்லாத குட்டிகளுக்கும் மற்ற குட்டிகளுக்கும் பாட்டிலில் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து அந்தக் குட்டிகளில் மூன்று, மேய்ச்சலில் முட்டியை மடித்து மண்டியிட்டுத் தின்ன ஆரம்பித்தன. பால் கொடுத்த கை என் கைதான்.

அந்தப் பால் வழியாகக் குட்டிகளுக்குப் போனது லென்டிவைரஸ் என்ற வகையைச் சேர்ந்த கிருமி. வெள்ளாட்டில் வந்தால் சி.ஏ.இ. என்பார்கள்: மூட்டிலும் மூளையிலும் அழற்சி உண்டாக்கும் நோய். செம்மறியில் வந்தால் மேடி-விஸ்னா. முன்பு இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தார்கள். வெள்ளாட்டிலிருந்து செம்மறிக்கும் செம்மறியிலிருந்து வெள்ளாட்டுக்கும் தாண்டும் என்று தெரிந்த பிறகு ஒரே குடும்பமாகவே பேசுகிறார்கள். இரண்டையும் ஒரே பட்டியில் அடைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எச்.ஐ.வி.க்கும் இது உறவுக்காரக் கிருமிதான். ஆனால் மனிதருக்கு ஒட்டாது, ஆட்டுக்கும் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் எய்ட்ஸ் போன்ற நிலையைக் கொண்டுவராது. அந்தப் பெயரைக் கேட்டுப் பாலைக் கீழே ஊற்ற வேண்டாம். எப்போதும்போல் காய்ச்சிக் குடிக்கலாம்.

ஒரு விஷயம் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நாலைந்து கொடி ஆட்டையோ கன்னி ஆட்டையோ கறிக்காக மேய்ச்சலில் விடுபவர் முதலில் கவலைப்பட வேண்டியது ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி, குடற்புழு ஆகியவற்றைப் பற்றி. அவை ஒரு வாரத்தில் பட்டியைக் காலி செய்யும். கொட்டிலில் நெருக்கமாக அடைத்து, வெளியிலிருந்து பால் இனங்களை வாங்கி, குட்டிகளைப் பாட்டிலில் வளர்க்க நினைப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

உள்ளே என்ன நடக்கிறது

இந்த வைரஸ் ரத்தத்தில் உள்ள மோனோசைட் என்ற வெள்ளணுவுக்குள் புகுந்து, தன் மரபுச் சரட்டை ஆட்டின் மரபணுவோடேயே தைத்துவிடும். அந்த அணு ரத்தத்தில் சுற்றும்வரை வைரஸ் பெரும்பாலும் தூங்கும். அந்த அணு நுரையீரல், மடி, மூட்டு, மூளை என்று எங்காவது குடியேறி, மாக்ரோபேஜ் என்ற விழுங்கணுவாக முதிர்ந்ததும் வைரஸ் விழித்துப் பெருகும். உடம்பின் காவல் அணுக்கள் அங்கே ஓடிவந்து குவியும். ஆனால் அவற்றால் எதிரியை ஒழிக்க முடியாது, விட்டுவிட்டுத் திரும்பவும் தெரியாது. வருடக்கணக்காக நடக்கும் அந்தக் கைகலப்புதான் நாம் பார்க்கும் வீக்கம், கல் போன்ற மடி, இரைப்பு எல்லாம். ஆன்டிபயாட்டிக் ஊசி இதற்குக் கேட்காததும் இதனால்தான். இந்த நோய்க்குத் தடுப்பூசியும் கிடையாது, மருந்தும் கிடையாது. ஒருமுறை வந்தால் அந்த ஆடு சாகும்வரை அது உள்ளே இருக்கும்.

லென்டி என்றால் லத்தீனில் மெதுவானது. எவ்வளவு மெதுவு என்பதை ஐஸ்லாந்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1933ல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 20 கரகுல் செம்மறிகளை அங்கே இறக்கினார்கள். நல்ல ஆரோக்கியச் சான்றிதழோடு வந்தவை. இரண்டு மாதம் தனியாக வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று பண்ணைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 1939ல்தான் மேடி நோயை அடையாளம் கண்டார்கள். ஐஸ்லாந்து மொழியில் அந்தச் சொல்லுக்கு மூச்சிரைப்பு என்று பொருள். விஸ்னா என்றால் வாடி உருகுதல். கடைசியில் வட்டாரம் வட்டாரமாக மொத்த மந்தையையும் வெட்டி, நோயில்லாத பகுதியிலிருந்து புதிய ஆடுகளைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். வெட்டியது ஆறு லட்சத்துக்கும் மேல். கடைசி நோயாடு 1965ல் தென்பட்டது. அதற்கு முன்பே, 1954ல், இந்த அனுபவத்தை வைத்துத்தான் பியோர்ன் சிகுர்ட்சன் என்ற அந்நாட்டு விஞ்ஞானி 'மெதுவான தொற்று' என்ற கருத்தையே முன்வைத்தார்.

இரண்டு மாதத் தனிமைப்படுத்தலை இந்த வைரஸ் சிரித்துக்கொண்டே தாண்டிவிடும். புது ஆட்டை ஒரு மாதம் ஒதுக்கி வைத்தால் போதும் என்ற நம் வழக்கம் ஆட்டுக்கொல்லிக்குச் சரி, இதற்குப் போதாது.

வாங்கும்போது

சந்தையில் பால் ஆடு வாங்காதீர்கள். அய்யலூரோ எட்டயபுரமோ, சந்தையைக் குறை சொல்லவில்லை; கறி ஆட்டுக்கு அவை அருமையான இடம். ஆனால் சந்தைக்கு வந்த ஆட்டின் தாய் யார், எந்தப் பாலைக் குடித்து வளர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நமக்குத் தேவை அந்தக் கதைதான். பண்ணைக்கே நேரில் போங்கள்.

போனதும் விற்கும் ஆட்டைப் பார்க்காதீர்கள், அங்கேயே இருக்கும் கிழட்டு ஆடுகளைப் பாருங்கள். ஐந்து, ஆறு வயது ஆடுகளில் முட்டி வீங்கியவை உண்டா, நன்றாகத் தின்றும் எலும்பும் தோலுமாக இருப்பவை உண்டா? உங்களுக்குக் காட்டும் இளம் ஆட்டின் நாளைய நிலை அங்கே நிற்கிறது.

அடுத்து, தொட்டுப் பாருங்கள். முன்னங்கால் முட்டியின் முன்பக்கத்தில் கையை வைத்து அழுத்துங்கள். காய்ப்பு என்றால் தோல் தடித்து, மயிர் உதிர்ந்து, செருப்புத் தோல்போல் இருக்கும். அடியில் எலும்பு தெளிவாகத் தட்டும். இந்த நோயின் வீக்கம் தோலுக்கு அடியில், மூட்டைச் சுற்றி, நீர் கோத்த பைபோல் மெத்தென்று இருக்கும். தோல் சாதாரணமாகவே இருக்கலாம். பிறகு காலை மடக்கிப் பாருங்கள். முழுசாக மடங்காமல் முரண்டு பிடிக்கிறதா என்று. ஒரு நூலால் இரண்டு முட்டியையும் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டால் கண் ஏமாற்றாது. என்னிடம் இன்றும் அப்படி ஒரு கட்டு நூல் இருக்கிறது, காது வில்லை எண் எழுதிய அட்டைகளோடு.

மடியைக் கறந்த பிறகு பிசைந்து பாருங்கள். வெறும் மடி காலிப் பைபோல் தொங்க வேண்டும். கறந்த பிறகும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கெட்டியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சாதாரண மடிநோயில் சூடு, சிவப்பு, வலி, திரிதிரியான பால் என்று ஏதாவது இருக்கும். இதில் ஒன்றும் இருக்காது. குட்டி போட்ட அன்று மடி கல்லாக நிற்கும், பீய்ச்சினால் பால் கொஞ்சம்தான் வரும், வருகிற பாலும் பார்க்க நன்றாகவே இருக்கும். ஈற்று மடி இப்படித்தான் இருக்கும் என்று யாராவது சமாதானம் சொன்னால் நான்கு நாள் கழித்து மறுபடி தொட்டுப் பாருங்கள்.

செம்மறி என்றால் மந்தையைக் கொஞ்சம் வேகமாக ஓட்டச் சொல்லுங்கள். நின்ற பிறகு எது இன்னும் விலா அடித்துக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். காய்ச்சல் இல்லை, தீனியும் தின்கிறது, ஆனால் மெலிந்து இரைக்கிறது. பெரும்பாலும் மூன்று, நான்கு வயதுக்கு மேற்பட்ட பெட்டை. இப்படிச் செத்த ஆட்டை அறுத்தால் நுரையீரல் ஒடுங்காமல் ரப்பர்போல், இயல்பைவிட இரண்டு மூன்று மடங்கு எடையோடு இருக்கும்.

இத்தனையும் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் நல்லது. ஆனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. தொற்று உள்ள ஆடுகளில் பெரும்பாலானவை ஆயுள் முழுக்க வெளியே எதையும் காட்டாமல், பாலில் மட்டும் கிருமியைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். முட்டி வீங்கிய ஆட்டைவிட வீங்காத ஆடுதான் எனக்குப் பயம்.

ரத்தச் சோதனை

அதனால் ரத்தம் எடுத்தே ஆக வேண்டும். எலைசா என்ற சோதனை. வைரஸை அது தேடாது, வைரஸுக்கு எதிராக ஆட்டின் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடும். உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் உடனே பார்த்துச் சொல்ல மாட்டார்கள். மருத்துவரிடம் நோயின் பெயரைச் சொல்லி, எந்த ஆய்வகம் இப்போது இதைச் செய்கிறது என்று கேளுங்கள். மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலும் விசாரிக்கலாம். "நம்ம ஊர்ல இதெல்லாம் ஏது" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். இந்தியாவிலும் வெள்ளாடுகளின் ரத்தத்தில் இதற்கான எதிர்ப்பொருள் கண்டதாகப் பதிவுகள் உண்டு.

கழுத்து நரம்பில் 5 மில்லி, சிவப்பு மூடிக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். உறைய விட வேண்டிய ரத்தம் இது. பைக்குள் போட்டுக் குலுக்கிக்கொண்டு போனால் அணுக்கள் உடைந்து சீரம் சிவந்துவிடும், மாதிரி பாழ். நிழலில் சாய்த்து வைத்து, மேலே மஞ்சள் நிற நீர் பிரிந்ததும் அதை மட்டும் வேறு குழாய்க்கு மாற்றி, ஐஸ் பையோடு அனுப்புவார்கள். குழாயில் ஆட்டின் பெயரை எழுதாதீர்கள், காது வில்லை எண்ணை எழுதுங்கள். லட்சுமி எல்லாப் பண்ணையிலும் உண்டு.

முடிவைப் படிப்பதில் இரண்டு சிக்கல். தொற்றிய பிறகு எதிர்ப்பொருள் உருவாகப் பல மாதங்கள் ஆகலாம், ஆகவே ஒரே ஒரு 'இல்லை' போதாது. ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்து, அதிலும் இல்லை என்றால்தான் மூச்சு விடலாம். இன்னொன்று குட்டிகள். சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்பொருள் குட்டிக்கு வந்திருக்கும். ஆறு மாத வயது ஆகுமுன் குட்டிக்குச் சோதனை செய்தால் 'உண்டு' என்று காட்டக்கூடும், அது குட்டியின் நோயாக இருக்க வேண்டியதில்லை. அவசரப்பட்டு நல்ல குட்டியை விற்றவர்களை எனக்குத் தெரியும்.

விற்பவரிடம் அந்த ஒரு ஆட்டின் முடிவைக் கேட்பதைவிட மந்தை முழுவதற்கும் சோதனை செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். அப்படிச் செய்த பண்ணை நம் பக்கம் அபூர்வம். கிடைக்காவிட்டால் வாங்கிவந்த ஆட்டை, இரண்டாவது சோதனை முடியும்வரை வேறு கொட்டகையில், வேறு தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் நீளம்தான். ஐஸ்லாந்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

குட்டி பிறக்கும் நேரம்

பணமும் கவனமும் எங்கே போக வேண்டும் என்று கேட்டால் நான் இங்கே என்பேன். இந்த வைரஸ் பரவும் பெரிய வழி சீம்பாலும் பாலும். கருவிலேயே தொற்றுவது குறைவு. அதாவது தொற்றுள்ள தாய்க்கும் நல்ல குட்டி பிறக்கும். முதல் வாய்ப் பாலில்தான் கெடும்.

தாய் தொற்றில்லாதது என்று இரண்டு சோதனையிலும் தெரிந்தால் குட்டியைத் தாயிடமே விடுங்கள், தன் தாயிடம் மட்டும். தொற்றுள்ளது அல்லது தெரியாது என்றால் கீழே உள்ளபடி.

சினை ஆட்டின் பக்கத்திலேயே இருங்கள். குட்டி விழும்போது சுத்தமான சாக்கில் பிடித்து, தாய் நக்குமுன் எடுத்துவிடுங்கள். மூக்கு, வாயைத் துடைத்து, உலர்ந்த துணியால் நன்றாகத் தேய்த்து, தொப்புளை டிங்சர் அயோடினில் நனைத்து, தாயின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத வேறு அறையில் வையுங்கள். தாய் கத்தும். இரண்டு நாள் கத்தும். இதைச் செய்யும்போது மனசு கேட்காது என்பதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. நார்வேயில் 2001 முதல் 2014 வரை நாடு தழுவி இந்த நோயையும் இன்னும் இரண்டு நோய்களையும் ஆட்டுப் பண்ணைகளிலிருந்து விரட்டியது இந்த முறையில்தான்.

சீம்பாலைக் கிருமி நீக்க வேண்டும். கொதிக்க வைத்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டு அடுப்பங்கரைக்கே தெரியும்: மாடு கன்று போட்டதும் வெல்லம், ஏலக்காய் போட்டு நாம் தின்போமே, அதுபோல் திரண்டு கட்டியாகிவிடும். நமக்கு ருசி, குட்டிக்கு ஒன்றுமில்லை. அதில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதம் வெந்துவிடும். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கெட்டியாகத் தொடங்கும். வைரஸ் சாக 56 டிகிரியில் ஒரு மணி நேரம் வேண்டும். இந்த நான்கு டிகிரி சந்துக்குள்தான் வேலை.

நான் செய்வது இது. நல்ல பிளாஸ்கில் சுடுநீர் ஊற்றி மூடி வைக்கிறேன். ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் சீம்பால் பாத்திரத்தை இறக்கி, சிறு தீயில் கரண்டியால் கிளறிக்கொண்டே இருக்கிறேன். நேரடியாக அடுப்பில் வைத்தால் அடியில் திரளும், மேலே பச்சையாக இருக்கும். தெர்மாமீட்டர் 58 காட்டியதும் பிளாஸ்கின் சுடுநீரைக் கொட்டிவிட்டுச் சீம்பாலை ஊற்றி இறுக்கி மூடி, ஒரு மணி நேரம் விடுகிறேன். திறந்ததும் முதல் வேலை மறுபடி சூடு பார்ப்பது. 56க்குக் கீழே போயிருந்தால் அந்த ஒரு மணி நேரம் கணக்கில் இல்லை, மறுபடி 58க்கு ஏற்றி ஊற்ற வேண்டும். பழைய பிளாஸ்க் ஒன்று என்னை இப்படி மூன்று தடவை ஏமாற்றியது, புதிது வாங்கினேன்.

பிறந்த குட்டி இதற்காகக் காத்திருக்க முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் அதன் வயிற்றில் சீம்பால் இறங்கியிருக்க வேண்டும். அதனால் முன்பு ஈன்ற ஆட்டின் சீம்பாலைப் பதப்படுத்தி, 100 மில்லி பாட்டில்களில் பிரீசரில் வைத்திருங்கள். வேண்டும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து இளக்குங்கள். 2 கிலோ குட்டிக்கு வேளைக்கு 100 மில்லி, முதல் நாளில் மூன்று வேளை. முதல் ஈற்றுக்குச் சேமிப்பு இல்லையென்றால் பக்கத்து வீட்டு மாட்டுச் சீம்பால் உதவும், இந்த வைரஸ் அதில் இருக்காது. ஓயாமல் கழிந்து மெலிந்த மாட்டினுடையதை மட்டும் வாங்காதீர்கள், அதில் வேறு நோய் வரும்.

சீம்பால் நாள் முடிந்த பிறகு சுலபம். பாலைக் காய்ச்சி, ஆற வைத்து, உடம்புச் சூட்டில் கொடுங்கள். பல ஆடுகளின் பாலை ஒன்றாகக் கலந்து பச்சையாக எல்லாக் குட்டிக்கும் கொடுப்பதுதான் நான் செய்த பாவம். ஒரு தாயின் கிருமி, ஒரே வேளையில் பத்து குட்டிக்கு.

ஊசி, கறவை, கிடா

ஒரே ஊசியால் மந்தை முழுக்கத் தடுப்பூசி போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ரத்தத்தில் இருக்கும் கிருமிக்கு அது திறந்த கதவு. ஆட்டுக்கு ஒரு ஊசி என்று ஒரு பெட்டி வாங்கி வைத்துக்கொண்டு, தடுப்பூசி நாளில் வருபவர் கையில் நீங்களே கொடுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. காது வில்லை போடும் கருவிக்கும் இதே கவனம்: ஒவ்வொரு ஆட்டுக்கும் இடையே கழுவிக் கிருமிநாசினியில் நனைக்க வேண்டும்.

கறக்கும்போது தொற்றில்லாதவை முதலில், தொற்றுள்ளவை கடைசியில். கிடாவை இரவல் வாங்கினால் மந்தையோடு விட்டுவிடாதீர்கள். சேர்த்துவிட்டு உடனே பிரித்து அனுப்புங்கள். நெருக்கமான கொட்டகையில் மூச்சு, சளி வழியாகவும் தொற்றும், ஆகவே காற்றோட்டமும் இடைவெளியும் வேண்டும். உடம்புக்கு வெளியே இந்த வைரஸ் அதிக நேரம் தாங்காது. தரையைத் தோண்டி மண் மாற்ற வேண்டியதெல்லாம் இல்லை, வழக்கமான கிருமிநாசினியும் வெயிலும் போதும்.

'உண்டு' என்று வந்துவிட்டால்

முதலில், குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டு மாதத்திலிருந்து நான்கு மாதம் வரையுள்ள குட்டி, தெளிவாகப் பார்க்கிறது, நன்றாகக் குடிக்கிறது, ஆனால் பின்னங்கால் தள்ளாடி, நாளாக நாளாக முன்னங்காலும் விழுகிறது என்றால் இந்த வைரஸ் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போயிருக்கலாம். ஆனால் தாமிரச் சத்துக் குறைவிலும் குட்டி இப்படியே தள்ளாடும். தொப்புள் வழியாகக் கிருமி ஏறினாலும் மூட்டு வீங்கும், அது சுடும், காய்ச்சலும் இருக்கும். மைக்கோபிளாஸ்மா கிருமியும் மூட்டையும் மடியையும் பிடிக்கும். இவற்றில் பலவற்றுக்கு மருந்து உண்டு. மருத்துவர் பார்க்காமல் லென்டிவைரஸ் என்று நீங்களே முடிவு கட்டினால் பிழைக்கக்கூடிய குட்டியைக் கைவிட்டதாக ஆகும்.

சோதனையில் உறுதியானால், ஒன்றிரண்டு ஆடுகள்தான் என்றால் கழித்துவிடுவதே மலிவு. பாதி மந்தை என்றால் இரண்டாகப் பிரியுங்கள். நடுவே குறைந்தது இரண்டு மீட்டர் இடைவெளி, தனித் தொட்டி, தனி வாளி. தொற்றில்லாத பக்கத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, 'உண்டு' என்று வருவதை அன்றே அடுத்த பக்கத்துக்கு மாற்றுங்கள். தொற்றுள்ள பக்கத்துப் பெட்டைகள் பால் கறக்கட்டும், குட்டி போடட்டும். குட்டியை மட்டும் மேலே சொன்னபடி எடுத்து வளர்த்து நல்ல பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். நான்கைந்து வருடத்தில் பழைய பக்கம் தானாகக் காலியாகிவிடும்.

முட்டி வீங்கியவற்றுக்குக் குளம்பைச் சீராக வெட்டி, கீழே வைக்கோல் பரப்பி, உயரத் தொட்டியைத் தாழ்த்திக் கட்டுங்கள். வலி குறைய மருத்துவர் மெலாக்சிகாம் தருவார். மண்டியிட்டே நகரும் நிலை வந்தால் இழுத்தடிக்காதீர்கள்.

கழிக்கும் ஆட்டைக் கறிக்கடைக்குக் கொடுங்கள், பால் ஆடு என்று சொல்லி யாருக்கும் விற்காதீர்கள். என் முதல் ஆட்டை அப்படி ஒருவர் கேட்டு வந்தார், கூடுதல் விலைக்கு. அவர் கையைப் பிடித்து முட்டியில் வைத்து, அழுத்திப் பாருங்கள் என்றேன்.